கிலோவுக்குப் பார்த்தால்

அவர் எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருப்பார். மேலகரம் மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டராக வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த காலம் முழுக்க, அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு ஒரு யானையின் உயிர் அவர் கையில் இருந்தது. அந்த நாளைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் சாப்பிடுகிற அழகைச் சொல்லாமல் சாப்பிடாத நாளைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

ஆள் இத்தனூண்டு. பின்னால் இருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். உழவு மாட்டுக்கு ஊசி போட ஸ்டூல் போட்டு ஏறுவார். தோளில் அவரை விடப் பெரிய பை ஒன்று தொங்கும். அதில் பாதி மருந்து, பாதி தின்பண்டம். கடலை மிட்டாய், காரச் சீவல், அவித்த பனங்கிழங்கு என்று கைவிட்டால் எது வரும் என்று அவருக்கே தெரியாது. மாட்டுக்கு வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் கொடுப்பார். மாட்டுக்கு ஒரு பழம், அவருக்கு ஒரு பழம். சாரல் காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குற்றாலத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடக்கும். வேலை முடிந்து வரும்போது ஒரு பை நிறைய வாங்கி வருவார். மறுநாள் காலையில் மாடிப்படி முழுக்கத் தோலாகக் கிடக்கும். கூட்டுகிறவள் நான்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பேச்சில் ஆளுக்கு ஒரு 'ங்க' வைத்துப் பேசுவார். ஆடு மாட்டுக்கும் அந்த 'ங்க' உண்டு. வீடு பார்க்க வந்த அன்று தண்ணீர் வருமா, வாடகை எவ்வளவு என்றெல்லாம் கேட்கவில்லை. முற்றத்தில் கட்டிக் கிடந்த எங்கள் வெள்ளாட்டைப் பார்த்து, "இவங்க எத்தனை கிலோ இருப்பாங்க?" என்று கேட்டார். அடுத்தபடியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் எடை தெரிய வேண்டும். கோழி, நாய், கைக்குழந்தை, பூனை, தபால்காரர், யாரும் தப்பியதில்லை. ஒருமுறை ஊரிலிருந்து அவர் அம்மா ஒரு சம்பந்தத்தோடு வந்திறங்கினார். பெண் பார்க்கிற படலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கேசரியும் பஜ்ஜியும் நான் செய்தேன். பெண், அதாவது நம் டாக்டர், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், குனிந்தது பஜ்ஜித் தட்டைப் பார்த்து. மாப்பிள்ளை நல்ல வாட்டசாட்டமான ஆள். "பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்று அவர்கள் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். இவர் நிமிர்ந்து, "நீங்க எத்தனை கிலோங்க?" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. கேசரியும் மிஞ்சவில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஆர்டர் எடுத்துச் சமைக்கிறவள். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அடுப்பு வைத்திருக்கிறேன். நிச்சயதார்த்தம், பெயர் சூட்டு, கந்தூரி என்று தென்காசி வட்டாரத்தில் எங்கே கூப்பிட்டாலும் என் தேக்சா போகும். தேக்சா என்றால் பிரியாணி ஆக்குகிற பெரிய அண்டா. ஊரெல்லாம் சாப்பிடுவதைப் பார்த்த எனக்கே இந்தப் பெண் ஆச்சரியமாக இருந்தார்.

"இம்புட்டுத் தின்னுதீங்களே, எங்கதான் போவுது டாக்டரம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சின்ன உடம்புங்க லாத்தா. சின்ன அடுப்புத்தான் வேகமா எரியும். கிலோவுக்குப் பார்த்தா, பெரிய உடம்பை விட சின்ன உடம்புக்குத்தான் சாப்பாடு அதிகம் வேணும்."

"சரி. கிலோவுக்குப் பாக்காம மொத்தமாப் பாத்தா?"

"அதை ஏனுங்க பார்க்கறீங்க?" என்று சொல்லி என் கையிலிருந்த அப்பளத்தை வாங்கிக் கடித்தார்.

லாத்தா என்றால் அக்கா. அப்படிக் கூப்பிடத் தெருப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார். எனக்குத் தங்கச்சி கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காகவே எத்தனை கூடை ரம்புட்டான் தோலையும் கூட்டலாம் என்று தோன்றும். அதை அவரிடம் சொன்னதில்லை.

மூஞ்சூறு கதை எங்கள் தெருவில் பிரசித்தம். ஒரு நாள் காலை, கழுவிக் கவிழ்க்க மறந்த தேக்சாவுக்குள் ஒரு மூஞ்சூறு விழுந்து ஏற முடியாமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வாடையே ஆகாது. வாளியில் தண்ணீர் எடுத்து வந்தேன். டாக்டர் மாடியிலிருந்து கடகடவென்று இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்த வேண்டாங்க லாத்தா. சும்மா விட்டாலே போயிரும். இவங்க நேரத்துக்கு நேரம் சாப்பிடணும். ஒரு பகல் ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா மூஞ்சூறு தாங்காது."

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கொட்டகை மூலையில் கரப்பான்பூச்சி தேடினார். பிடித்து உள்ளே போட்டார். அது கறுமுறுவென்று தின்ன, இவர் தேக்சா விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பட்டாணி தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் துணியில் பொதிந்து எடுத்து என் விரலை அதன் நெஞ்சில் வைத்தார். துடிப்பே தெரியவில்லை. ஒரே நடுக்கம், தையல் மிஷின் ஓடுகிற மாதிரி.

"இந்த வேகத்துல அடிச்சா ஒண்ணு ரெண்டு வருஷத்துல முடிஞ்சிருமுங்க. யானைக்கு மெல்ல மெல்ல அடிக்கும். அது மனுஷன் மாதிரி வயசாகித்தான் போகும். ஆனா மொத்தத் துடிப்பைக் கூட்டிப் பார்த்தா, எலிக்கும் யானைக்கும் ஏறக்குறைய ஒண்ணுதானுங்க. இது ஓடி ஓடிச் செலவழிக்குது, அது ஆற அமரச் செலவழிக்குது."

"மனுசனுக்கு?"

"நமக்கு மட்டும் கொஞ்சம் கூடவே கிடைச்சிருக்குதுங்க. எதுக்குன்னு தெரியல."

அன்றைக்குத் தெருமுனைப் பேனர் அண்ணாச்சிதான் அவருக்கு 'மூஞ்சூறு டாக்டர்' என்று பெயர் வைத்தார். பேனர் அண்ணாச்சி பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, பூப்பு நீராட்டு, பிள்ளை பத்தாம் வகுப்பில் பாஸ், எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்பார். அவர் வயலில் போர் போட்டுத் தண்ணீர் வந்ததற்கும் ஒரு பேனர் வைத்தார். எல்லா பேனரிலும் ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் நிற்பார். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஒரு குதிரையும் வளர்த்தார். மனசு கெட்டவர் இல்லை, கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். பட்டப்பெயர் காதில் விழுந்தபோது டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "கரெக்டாத்தான் வச்சிருக்கார்" என்றார்.

ரமலான் மாதம் வந்தது. நாங்களெல்லாம் நோன்பு. மாடியில் மட்டும் கறுக்குமொறுக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அவருக்கே கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. "நாளைக்கு நானும் உங்க கூட நோன்பு வைக்கறேனுங்க. மனுஷ உடம்பு தாங்கும். மூஞ்சூறுதான் தாங்காது" என்று வீராப்பாகச் சொன்னார். மறுநாள் மதியம் லுஹர் பாங்கு சொல்லி முடித்து நான் தொழப் போகும்போது பார்த்தால், மாடிப்படி வளைவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆமவடை தின்றுகொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். சாயந்திரம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவர் கோப்பையில்தான் முதலில் கஞ்சி ஊற்றினேன். "ரொம்ப முடியாமப் போச்சுங்களா?" என்று அவரைப் போலவே கேட்டேன். காது வரை சிவந்துவிட்டது.

என் தேக்சாவைக் கண்டால் அவருக்குக் குஷி. ஒரு பெரிய கல்யாண ஆர்டருக்கு நான் மசாலா எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "ஒரு படி அரிசிக்கு இவ்வளவு பட்டை கிராம்புன்னா, நூறு படிக்கு நூறு மடங்குங்களா?" என்று கேட்டார். அப்படிப் போட்டால் பிரியாணி இல்லை, கஷாயம்தான் வரும் என்றேன். தண்ணீரும் அப்படியே. சின்னச் சட்டியில் ஆவியாகிப் போகிற தண்ணீர் பெரிய தேக்சாவில் போகாது. பெருக்கல் கணக்குப் பார்த்து ஊற்றினால் சோறு குழைந்துவிடும். எங்கள் தொழிலில் முதல் பெரிய ஆர்டரில் இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் கிடையாது. நானும் கஷாயம் பரிமாறியவள்தான்.

அவர் துள்ளிக் குதித்தார். "இதேதானுங்க லாத்தா! ஒரு மிருகத்தை விட இன்னொண்ணு பதினாறு மடங்கு எடைன்னு வச்சுக்குங்க. அது பதினாறு மடங்கு சாப்பிடாது. எட்டு மடங்குதான் சாப்பிடும். மூஞ்சூறுலேர்ந்து யானை வரைக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்."

"ஏன் அப்படி?"

"உங்க டீ கிளாஸ் ஆறிப்போச்சு. தேக்சா இன்னும் கொதிக்குது. கிலோவுக்குப் பார்த்தா பெரிய உடம்புக்குச் சூடு வெளிய போற தோல் கொறச்சல், அதான் மெல்ல எரிஞ்சாப் போதும்னு முதல்ல சொன்னாங்க. ஆனா தோல் மட்டும் காரணமில்லை, உள்ள ஓடற ரத்தக்குழாய்தான் காரணம்னு வேற சில பேரு சொல்றாங்க. இன்னும் சண்டை முடியலீங்க." அவர்கள் சண்டை முடியட்டும் என்று நான் வெங்காயத்தைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது வறுத்த முந்திரியில் பாதியைக் காணோம்.

இனி யானை.

பேனர் அண்ணாச்சியின் அக்கா மகனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு யானை வர வேண்டும் என்று தாய்மாமனுக்கு ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சொல்லி, பாருக்குட்டி என்ற பெண் யானையை லாரியில் வரவழைத்துவிட்டார். அழைப்புக்கு முதல் நாள் காலையில் வந்து அவர் தென்னந்தோப்பில் இறங்கியது. இறங்கும்போதே முன்னங்கால் ஒன்றை ஊன்றவில்லை. லாரித் தரையில் துருத்திக்கொண்டிருந்த போல்ட் ஒன்று உள்ளங்காலில் ஏறி, முறிந்து, உள்ளேயே நின்றுவிட்டது.

டாக்டரைப் பல் விளக்கிய கையோடு கூட்டிப் போய்விட்டார்கள். மருந்தை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துக்கொண்டாராம், பை மட்டும் மாடியிலேயே கிடந்தது. பை இல்லாமல் அவர் போய் நான் பார்த்ததே இல்லை. இட்லியும் வடையும் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துத் தோப்புக்குப் போனேன்.

யானை வலியில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. காலைத் தொட யாரையும் விடவில்லை. கூடவே வளர்ந்த பாப்பானைக் கூடத் தும்பிக்கையால் தள்ளிவிட்டது. பாப்பான் என்றால் மலையாளத்தில் யானைப்பாகன். நரைத்த மீசைக்காரர். "டாக்டரே, ஆனை காலு ஊனலைன்னா படுத்துப்போகும். படுத்த ஆனை பின்னே எழுந்நேக்கில்லா. எனக்கு வேற யாரும் இல்லா" என்று தன் தமிழில் சொல்லிச் சொல்லி அழுதார். யானைக்கென்றே இருக்கிற பெரிய டாக்டர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். லாரி கடந்த பிறகு மழையில் மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்டுவிட்டது. அவரால் வர முடியவில்லை. காத்திருந்தால் காலில் சீழ் வைத்துவிடும், யானையைத் தூங்க வைத்து இப்போதே எடுத்துவிடுவதுதான் நல்லது என்று போனில் சொல்லிவிட்டார்.

டாக்டர் பாப்பானிடம் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கே தெரியும். நல்லவேளை, வருகிற வழியில் புளியறைப் பக்கம் லாரியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். வெறும் லாரி எவ்வளவு என்பது டிரைவருக்குத் தெரியும். கழித்துப் பார்த்து டாக்டர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். பெரிய டாக்டர் போனில் சொன்ன அளவும் இவர் போட்ட கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. ஆனால் அவர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஊசி இவர் கையில் இருந்தது. இவர் அதுவரை யானைக்கு ஊசி போட்டதே இல்லை.

மருந்தை எடுப்பதைப் பார்த்ததும் பேனர் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "என்னம்மா இது, இத்தனூண்டு மருந்து? நம்ம குதிரைக்குத் தையல் போட அன்னைக்கி ஒரு ஊசி போட்டீயள்லா? யானை பத்துக் குதிரை இருக்கும். பத்து ஊசி போடுங்க."

"எடையிலதாங்க பத்துக் குதிரை. எரியறதுல அஞ்சாறு குதிரைதான். அதுலயும் குதிரை வேற, யானை வேற. இந்த மருந்து யானைக்கு அதுக்கும் கொறச்சுத்தான் போடணும். பத்து ஊசி போட்டா ஒரேயடியாத் தூங்கிருமுங்க."

"கொஞ்சமாப் போட்டு, பாதியில முழிச்சுக்கிட்டு எவனையாவது மிதிச்சா?"

"கூடிப்போனா அவங்க எழும்ப மாட்டாங்க. கொறஞ்சுபோனா கால்கிட்ட உட்கார்ந்திருக்கற நான் எழும்ப மாட்டேன். ரெண்டும் எனக்குத் தெரியுமுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடுங்களேன்" என்று இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். பார்த்தார். என்னவோ முன்பின் தெரியாத பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது ஆடுவது குறைந்தது. தும்பிக்கை தரையில் சாய்ந்தது. பாப்பான் மெல்லச் சொல்லச் சொல்ல, முழங்காலிட்டுச் சரிந்து படுத்தது. டாக்டர் அந்த உள்ளங்காலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கால் அவர் மடியைவிடப் பெரியது. கிளறி, கழுவி, என் சுண்டுவிரல் நீளத்துக்கு அந்த போல்ட்டை உருவி எடுத்துப் போட்டார். மருந்து வைத்துக் கட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை.

எழும்ப வைக்கிற மருந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடையாது. மருந்து தானாகத்தான் தெளிய வேண்டும். காத்திருந்தோம். சாரல் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஈரத்துணியால் யானையின் கண்ணை மூடிவிட்டு டாக்டர் அதன் நெஞ்சோடு குழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேனர் அண்ணாச்சி குனிந்து தும்பிக்கை நுனியில் உள்ளங்கையை நீட்டினார். யானை ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு விடுவதற்குள் மனுஷன் மூன்று நாலு மூச்சு விட்டுவிடுவான். அவ்வளவு நேரம் பொறுமையாகக் கை நீட்டுகிற ஆள் அவர் இல்லை. "மூச்சு இல்ல" என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

அழப் போகிறார் என்று நினைத்தேன். கடைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது ஆள் உயரப் பேனர் ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு தென்னை மரத்துக்கு நடுவில் கட்டினார். மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் பாருக்குட்டி, காலையில் லாரியிலிருந்து இறங்கும்போது செல்போனில் எடுத்த படம். கீழே 'எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாக வாழ்ந்து மறைந்த செல்வி பாருக்குட்டிக்கு'. ஓரத்தில் மாப்பிள்ளை கும்பிட்டபடி நின்றார். இன்னொரு ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி. பேனரைப் பார்த்ததும் தெருவே தோப்புக்கு வந்துவிட்டது. ஒருவர் சம்பங்கி மாலை கொண்டுவந்தார். ஒருவர் சூடம் ஏற்றினார். பாப்பான் பேனரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் மாலையும் சூடமும் எந்த ஊருக்கும் பொதுதானே. யானையின் காதைப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "உசுரோட கெடக்குத புள்ளைக்குப் பேனரா வைக்கீங்க? கழத்துங்க அண்ணாச்சி!"

"அடிச்சது அடிச்சாச்சும்மா. உசுரு இருந்தா பொறவு கழத்திக்கிடலாம்" என்றார் அவர், நிஜமாகவே கண் கலங்கி.

டாக்டர் பேனரை ஒருமுறை பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மூஞ்சூறின் நெஞ்சில் நான் தொட்டுப் பார்த்த அதே நடுக்கம்.

"லாத்தா, நானே நினைச்சுக்கறனா என்னன்னு தெரியல. நீங்க பாருங்க."

என் உள்ளங்கையை யானையின் முன்னங்காலுக்குப் பின்னால் அழுத்தி வைத்தார். கரடுமுரடான தோல், மழையில் நனைந்து கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டேன். "பொறுங்க" என்றார். என் நெஞ்சு இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டது. அப்புறம் கைக்கு அடியில், ஆழத்திலிருந்து, ஒரு துடிப்பு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னொன்று வந்தது. யாரோ வீட்டுக்குள்ளே மெதுவாக மாவு இடிப்பது போல, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"இருக்கு டாக்டரம்மா" என்றேன். "ஆற அமர இருக்கு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கூட்டம் மாலையைப் போடவா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அப்படியே கை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம். இட்லி காய்ந்துபோனது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இப்படியே போனால் இந்தப் பெண்ணை யார் எழுப்புவது என்று எனக்கு யானையை மறந்து அந்தக் கவலை வந்துவிட்டது.

முதலில் வால் அசைந்தது. யாரும் கவனிக்கவில்லை, பாப்பானைத் தவிர. பிறகு காது ஒன்று பட்டென்று அடித்தது. சூடம் காட்டிக்கொண்டிருந்தவர் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். பாருக்குட்டி தலையைத் தூக்கி, கீழே போட்டு, மறுபடி தூக்கி, முன்கால்களை ஊன்றி, பெருமூச்சு ஒன்று விட்டு எழுந்து நின்றது. அடிபட்ட காலைத் தரையில் வைத்துப் பார்த்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. இந்த முறை வைத்தபடியே நின்றது. கண்ணுக்கு எதிரே தன் படம் தொங்குவதைப் பார்த்ததோ என்னவோ, தும்பிக்கையை நீட்டி பேனரை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே போட்டது. பாப்பான் "என்டெ பாருக்குட்டீ" என்று அதன் காலைக் கட்டிக்கொண்டார். தோப்பே கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் பேனர் அண்ணாச்சிதான்.

டாக்டர் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, தொலைந்துபோய்க் கிடைத்த குழந்தை மாதிரிச் சொன்னார்: "லாத்தா, பசிக்குதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ந்த இட்லி அத்தனையும் போனது. வடை போனது. பாப்பான் யானைக்கென்று கொண்டுவந்த வாழைத்தாரிலும் இவர் கை வைத்தார். மயக்கம் முழுசாகத் தெளியட்டும் என்று யானைக்கு ஒவ்வொரு பழமாகத்தான் கொடுத்தார். யானைக்கு ஒரு பழம், அவருக்கு ஒரு பழம். தார் தீர்ந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்: "கிலோவுக்குப் பார்த்தா நான்தாங்க ஜெயிச்சேன்."

மறுநாள் மாப்பிள்ளை அழைப்பு குதிரையில் நடந்தது. பாருக்குட்டி தோப்பிலிருந்து ஓலை தின்றபடி வேடிக்கை பார்த்தது. அடுத்த வருஷம் டாக்டருக்கு நீலகிரிப் பக்கம் மாற்றல் வந்தது. போகிற அன்று அவர் பையை நான்தான் நிரப்பினேன். மாடிப்படியைக் கூட்ட எனக்கு அதற்குப் பிறகு வேலையே இல்லாமல் போயிற்று. எத்தனையோ பேர் குடிவந்து போனார்கள். யாரும் எதையும் கீழே போடுவதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பேனர் வீணாகவில்லை. என் சமையல் கொட்டகைக்குக் கூரை ஒழுகியபோது அண்ணாச்சி அதைத்தான் கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார். நல்ல கெட்டி பிளக்ஸ், இன்னும் ஒழுகவில்லை. மழை வாசலுக்குள் அடிக்காமல் இருக்க முன்பக்கம் ஒரு முழம் தொங்கவிட்டிருக்கிறோம். 'கண்ணீர் அஞ்சலி' அந்தத் தொங்கலில்தான் இருக்கிறது.

போன மாதம் ஏதோ விசேஷத்துக்குப் பாருக்குட்டி இந்தப் பக்கம் வந்தது. கால் நன்றாக ஊன்றி நடந்தது. பாப்பான் எங்கள் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். யானை தன் இரங்கல் செய்திக்கு அடியில் தும்பிக்கையை நீட்டி என் கையிலிருந்து பழம் வாங்கித் தின்றது. நான் உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் காதுக்குள் கறுக்மொறுக்கென்று சத்தம். ஏதோ முறுக்கு.

"டாக்டரம்மா, பாருக்குட்டி வந்திருக்கு."

மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. ஈர மண்ணும் சூட வாசனையும் எனக்கு ஞாபகம் வந்த மாதிரி அவருக்கும் வந்திருக்கும்.

"நல்லா சாப்பிடறாங்களா லாத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லாச் சாப்பிடுது. ஆனா கிலோவுக்குப் பாத்தா ஒங்களக் காட்டியும் கம்மிதான்."

அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் முறுக்குச் சத்தம் மறுபடி தொடங்கியது. நான் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.